பாயான் லெப்பாசிலிருந்து அப்பாவுக்கு

பினாங்கு,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலனும் அம்மாவின் நலனும் அறிய ஆவல்.

வாழ்நாளெல்லாம் அரசுப் பேருந்து ஓட்டிய நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி நியாயமானதே: உரிமம் வாங்காத ஒருத்தியை, பக்கத்தில் ஆளில்லாமல், விமானத்தோடு எப்படி மேலே அனுப்புகிறார்கள்? தொலைபேசியில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன்.

தனியாகப் பறக்காமல் உரிமமே கிடைக்காது, அப்பா. பன்னாட்டு விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாக 40 மணி நேரப் பறத்தல் தேவை. அதில் 10 மணி நேரமாவது தனியாகப் பறந்திருக்க வேண்டும். ஆனால் நினைத்தபோது சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அன்றைய காற்றையும் மேகத்தையும் பார்த்துப் பயிற்றுநர் சம்மதித்தால்தான் உண்டு. பிற்பகலில் இடிமழை கட்டிக்கொள்ளும் ஊர் இது என்பதால், தொழிற்சாலை விடுமுறையான சனிக்கிழமையின் காலைப் பொழுதே எனக்கு வாய்க்கிறது.

நான் ஓட்டுவது செஸ்னா 152. இரண்டே இருக்கை, 110 குதிரைத்திறன்; விமானம், ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 757 கிலோவைத் தாண்டக் கூடாது. புறப்படும் முன் இறக்கையின் அடியிலுள்ள வடிகாலை அழுத்திச் சிறு குப்பியில் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். தண்ணீர் இருந்தால் அது கனமானதால் நிறமில்லாத முத்தாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் முதல்முறை தனியாகப் பறந்த நாளுக்கு முந்தைய இரவெல்லாம் மழை பெய்திருந்ததால், அன்று இரண்டு இறக்கையிலும் மறுபடி மறுபடி பிடித்துப் பார்த்தேன். சுத்த நீலம்.

உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். எஞ்சின் சுழலும்போது தாமே மின்சாரம் உண்டாக்கும் இரண்டு மேக்னெட்டோக்கள் தனித்தனியே தீப்பொறி கொடுக்கின்றன. ஒன்று போனாலும், ஏன், பேட்டரியே செத்தாலும் எஞ்சின் நிற்காது. ஓடுபாதைக்குப் போகும் முன் நிமிடத்துக்கு 1700 சுற்றில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிப்போம். சுற்று 125-க்கு மேல் குறைந்தால் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதுதான். டிப்போவில் இப்படியொரு சோதனை இருந்தால் எத்தனை வண்டி வெளியே வரும் என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

இங்கு, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், ஓடுபாதையின் நீளம் 3352 மீட்டர். எனக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். முன்னால் ஏறிய ஜெட் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் காற்றுச் சுழல் அடங்கும்வரை காத்திருக்கச் சொல்லி, பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி தந்தார்கள். பயிற்றுநர் எண்பது கிலோ. அந்தப் பாரம் இறங்கிவிட்டதால் விமானம் நான் எதிர்பார்க்கும் முன்பே தரையை விட்டது. வழக்கமாகத் திரும்பும் இடம் வருவதற்குள் ஆயிரம் அடியை நெருங்கிவிட்டேன்.

மேற்கே மலை, கிழக்கே கடல். வலப்பக்கமே திரும்பி, ஜெரெஜாக் தீவையும் கடலையும் ஒட்டி வட்டமடித்து, மீண்டும் இறங்கி ஏறுவதுதான் அன்றைய பயிற்சி. விமானி உட்காருவது இடப்பக்கம் என்பதால் இந்தச் சுற்றில் ஓடுபாதை வலது சன்னல் வழியாகவே தெரியும். இத்தனை நாளும் அதைப் பயிற்றுநரின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் புரிந்தது. காலி இருக்கையில் வாரைப் பூட்டி வைத்திருந்தேன். அதற்கு அப்பால் ஓடுபாதை முழுவதும், சுற்றிலும் தொழிற்சாலைக் கூரைகளும், எதிரே 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் கடலில் வளைந்து போவதும் தெரிந்தன. பார்த்து ரசிக்க நேரம் கிடையாது. பயணிகள் விமானம் ஒன்று இறங்க வருகிறது, அங்கேயே ஒரு வட்டம் அடியுங்கள் என்றார்கள். சீரான வட்டத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும், அதில் உயரம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பயத்துக்கு இடமில்லாத அளவுக்கு வேலை இருந்தது என்பதே உண்மை.

இறங்குவதற்காக எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும் முன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சூடாக்கும் குமிழை இழுக்க வேண்டும். முப்பது டிகிரி வெயிலில் எதற்கென்று கேட்பீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறையும்போதும் உள்ளே வெப்பம் சட்டென்று இறங்கிவிடும்; இங்குள்ள ஈரக்காற்று அங்கேயே பனிக்கட்டியாக உறைந்து எஞ்சினின் மூச்சை அடைத்துவிடக்கூடும். ஊட்டியைக்கூடப் பார்க்காத நான் பனிக்குப் பயந்து குமிழ் இழுக்கிறேன்!

பாரம் குறைந்த விமானம் இறங்கவும் தயங்குகிறது. சக்கரம் படுவதற்கு முன் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. பொறுமையாக மூக்கைத் தூக்கிப் பிடித்திருந்தேன், பின்சக்கரங்கள் இரண்டும் தாமே தொட்டன. பயிற்றுநர் பாராட்டவில்லை, "அடுத்த முறை வேகத்தை இரண்டு நாட் குறைத்து வா" என்றார். அவரிடம் அதுவே பெரிய வார்த்தை.

இனித் தனியாகவே வெளியூர்ப் பயணம். மொத்தம் 270 கிலோமீட்டராவது பறக்க வேண்டும், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிற்க வேண்டும் என்பது விதி. லங்காவியும் அலோர் ஸ்டாரும் அமையலாம். வரைபடத்தில் இப்போதே கோடு போட்டுப் பழகுகிறேன். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை நீங்களே படித்துக் காட்டுங்கள். கார்புரேட்டர் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
வள்ளி