இரவல் பெயரில் தேர்தல் நன்கொடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல் செலவுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். நன்கொடைக்கு உச்சவரம்பு வந்ததிலிருந்து பணம் படைத்தவர்களின் பிடி தளர்ந்துவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். உச்சவரம்பு நல்ல ஏற்பாடுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரம்பைத் தாண்டிக் கொடுக்க நினைப்பவர் அடுத்த கணமே பிறர் பெயர்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார் என்பதையும், அந்தத் தேடல் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடியேறிய சமூகங்களின் விருந்து மேசைகளுக்கு வந்து சேர்கிறது என்பதையும் அவர் தொடவே இல்லை.

தேர்தல் செலவுக்கு அரசுப் பணம் தரும் முறையை 1981இல், நெவில் ரான் முதல்வராக இருந்தபோது, ஆஸ்திரேலியாவிலேயே முதலில் கொண்டுவந்தது இந்த மாநிலம்தான். 2009இல் நில மேம்பாட்டாளர்கள் நன்கொடை தருவது தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு இயற்றிய சட்டத்தில் ஒருவர் ஒரு கட்சிக்கு ஆண்டுக்கு 5,000 டாலர், வேட்பாளருக்கு 2,000 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். விலைவாசிக்கு ஏற்ப அது பின்னர் உயர்ந்துவருகிறது. தடை வந்த சூட்டிலேயே அதை மீறியும் பார்த்தார்கள். பின்னாளில் நியூகாசில் மேயரான நில மேம்பாட்டாளர் ஜெஃப் மெக்ளோய், 2011 தேர்தலில் லிபரல் கட்சி வேட்பாளர்களுக்கு உறையில் ரொக்கம் கொடுத்ததாக 2014இல் ஊழல் எதிர்ப்புச் சுயாதீன ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அவற்றுள் ஓர் உறை அவருடைய பென்ட்லி காருக்குள் கைமாறியது. தடையே செல்லாது என்று அவர் தொடுத்த வழக்கை நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட் 2015இல் தள்ளுபடி செய்தது.

உறையில் பணம் கொடுத்தவராவது தன் கையால் கொடுத்தார். தொழிற்கட்சி விவகாரத்தில் கை யாருடையது என்பதைக் கண்டுபிடிப்பதற்கே ஆண்டுகள் ஆயின. 2015 மார்ச் 12 அன்று, மாநிலத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில், சீன சமூகத்தினரிடம் நிதி திரட்ட அக்கட்சி ஓர் இரவு விருந்து நடத்தியது. அதன் கணக்கில் ஒரு லட்சம் டாலர் ரொக்கம் வரவு வைக்கப்பட்டது. கொடுத்தவர்கள் என்று 12 பேருடைய பெயர்கள் படிவங்களில் இருந்தன. அவர்களில் உணவகத்தில் வேலை பார்த்தவர்களும் உண்டு. மாநிலக் கட்சியும் ‘நாட்டுப்புறத் தொழிற்கட்சி’யும் அப்போது தனித்தனிக் கட்சிகளாகப் பதிவாகியிருந்ததால், இரண்டுக்கும் தனித்தனி வரம்பு என்று ஒரே பெயரில் இரண்டு ரசீது எழுதவும் வழி இருந்தது. 2019இல் அதே ஊழல் எதிர்ப்பு ஆணையத்தின் விசாரணை நடந்தபோது, அந்தப் பணம் ஆல்டி கடைப் பையில் கட்சித் தலைமையகத்திற்கு வந்ததாகச் சாட்சியம் சொல்லப்பட்டது. பணத்துக்கு உண்மையில் உரியவர் ஹுவாங் சியாங்மோ என்ற நில மேம்பாட்டாளர் என்று ஆணையம் 2022 பிப்ரவரி அறிக்கையில் முடிவு கூறியது. நம் மொழியில் இதற்கு விளக்கமே தேவையில்லை, பினாமி என்றால் எல்லோருக்கும் புரியும்.

இந்த அறிக்கை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மேற்கு சிட்னியில் ஒரு வேட்பாளருக்காக நடந்த விருந்துக்கு நானும் என் துணைவியாரும் போயிருந்தோம். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. பத்துப் பேர் அமரும் வட்ட மேசையில், வடையும் சட்னியும் வருவதற்கு முன்பே தட்டுக்கு அருகில் ஒரு படிவமும் பேனாவும் வைத்திருந்தார்கள். எங்கள் மேசைக்கு ஏற்பாடு செய்தவர், வயதில் மூத்தவர், எல்லோரும் ‘அண்ணன்’ என்று அழைப்பவர், குனிந்து என் காதருகே, “தம்பி, பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டு வையுங்கள், காசை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். என்னை உபசரிக்கிறார் என்றே அப்போது நினைத்தேன். படிவத்தின் கீழே பொடி எழுத்தில், இது என் சொந்தப் பணம் என்று நான் உறுதி கூறுவதாக ஒரு வரி இருந்ததைப் படித்த பிறகுதான் பேனாவை மூடினேன். மூக்குக்கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அண்ணன் முகம் சுருங்கியது. இன்றுவரை அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் எழுதுவது நமக்குப் பழக்கம். தாத்தா பெயரிலும் பேரப்பிள்ளை பெயரிலும் ரசீது வாங்குவோம், அதில் ஒரு குற்றமும் இல்லை. அதே பழக்கத்தைத் தேர்தல் படிவத்துக்குக் கொண்டுபோனால் அது பொய்க் கணக்காகிவிடுகிறது. ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் தருபவரின் பெயர் வெளியிடப்படும் என்பதால், மறுநாள் விசாரணை என்று வந்தால் கூண்டில் நிற்பது அந்தப் பெயருக்குரியவர்தான். 2020 முதல் 100 டாலருக்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் விதி வந்துவிட்டது. அது பைக்குள் வரும் பணத்தைத் தடுக்கும். ஆனால் ஒருவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்திவிட்டு அடுத்த வாரம் வேறொருவரிடம் கையில் ரொக்கமாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அந்த விதி என்ன செய்யும்?

தெற்கு ஆஸ்திரேலியா வேறு வழியில் போயிருக்கிறது. பீட்டர் மலினவ்ஸ்காஸ் அரசு 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டப்படி, கட்சிகளும் வேட்பாளர்களும் நன்கொடை வாங்கவே கூடாது; செலவை அரசு ஏற்கும். புதிதாகக் களத்துக்கு வருபவர்களுக்கு மட்டும் ஒருவரிடமிருந்து 5,000 டாலர் வரை வாங்கச் சலுகை உண்டு. பினாமிக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது. கடந்த தேர்தல்களில் வாங்கிய வாக்குகளால் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட கட்சிகளுக்கு இது வசதியாகிவிடும் என்ற குறை எனக்கும் உண்டு. இங்கேயும் நான்கு சதவீத வாக்கு எட்டாத வேட்பாளருக்கு அரசுப் பணம் கிடையாது, அதனால் முதன்முறை நிற்கும் சுயேச்சை தன் வீட்டுப் பணத்தைத்தான் முதலில் இறக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறையோடும்கூட, விருந்து மேசையில் படிவம் நீட்டப்படாத ஒரு தேர்தலை நான் விரும்புவேன்.

அதுவரை தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் அரசியல் விருந்துகளுக்கான விளம்பரங்கள் அடிக்கடி வருகின்றன. அவற்றின் அடியில், நன்கொடைப் படிவத்தில் கையெழுத்திடுபவர் சொந்தப் பணத்தையே தர வேண்டும் என்ற ஒற்றை வரியைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட விளம்பரதாரர்களிடம் கேட்டுப் பாருங்கள். யார் மறுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.

இப்படிக்கு,
மேற்கு சிட்னி வாசகர் ஒருவர்