செயலாளரின் ஆண்டறிக்கை: வான் அவதானிப்புக்கான பற்றரிப் பெட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அன்பார்ந்த உறுப்பினர்களே,

கடந்த பொதுக்கூட்டம் செயற்குழுவிடம் ஒப்படைத்த பணிகளுள் முதன்மையானது, மின்சாரம் எட்டாத மலைமுகடுகளுக்குக் கொண்டுசெல்லத்தக்க பற்றரிப் பெட்டி ஒன்றைக் கட்டுவதாகும். அப்பணி நிறைவேறிவிட்டதை மனநிறைவோடு அறியத்தருகிறேன். வரவுசெலவு விபரம் பொருளாளரின் அறிக்கையில் இடம்பெறுவதால், இவ்வறிக்கையைப் பெட்டிக்கே ஒதுக்குகிறேன்.

எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும் என்று ஊகித்து வாங்காமல், ஒவ்வொரு கருவியும் எடுக்கும் மின்னோட்டத்தை முதலில் அளந்தோம். விண்மீன்களைப் பின்தொடரும் மத்தியகோட்டுத் தாங்கிக்கு 12 வாற்றும், சிறு கணினிக்கும் அதனோடு இணைந்த கமராவுக்கும் 8 வாற்றும் போதுமாயிருக்க, தொலைகாட்டியின் வில்லையில் பனிநீர் படியாதிருக்கச் சுற்றும் சூடாக்கிப் பட்டிக்கு மாத்திரம் 20 வாற்று தேவைப்பட்டது. ஈரம் மிகுந்த நமது மலைக்காற்றில் அப்பட்டியின்றி இரவு முழுவதும் அவதானிப்பது இயலாத காரியம். கணினியையும் விட்டுவிட முடியாது. நமது இலங்கை மலையகம் ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து அவ்வளவு உயரத்திலேயே நிற்கிறது. வடக்கே ஒரு மலை இருந்தாலே அது மறைந்துவிடும். ஆகவே வான்துருவத்தை நோக்கி நிற்கவேண்டிய தாங்கியின் அச்சைக் கமராவையும் மென்பொருளையும் கொண்டே நேர்ப்படுத்த வேண்டியுள்ளது. மொத்தம் 40 வாற்று. 8 மணித்தியாலத்திற்கு 320 வாற்று மணி.

2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஈய அமிலப் பற்றரிகள் சில உறுப்பினர்களின் வீடுகளில் இருந்தமையால், அவற்றையே பயன்படுத்தலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. எனினும் அவ்வகைப் பற்றரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குன்றிவிடும். 50 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றிலிருந்து 300 வாற்று மணியளவே எடுக்கலாம் என்பதால் அது நமது தேவைக்குச் சற்றுக் குறைகிறது. இன்னும் பெரியதைத் தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் தூக்கிச் செல்வதோ கடினம். எனவே 3.2 வோல்ற்றுக் கலங்கள் நான்கைத் தொடராக இணைத்த, 12.8 வோல்ற்று, 50 அம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியைத் தெரிவுசெய்தோம். அதன் 640 வாற்று மணியில் ஐந்தில் நான்கு பங்கைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். விலை கூடியதே, ஆயினும் அதன் நீண்ட ஆயுளைக் கருதினால் இது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

பற்றரியைவிட வயரிணைப்பிலேயே அதிக கவனம் செலுத்தினோம். கலங்களைச் சமப்படுத்தி, மிகை மின்னேற்றத்தையும் மிகை இறக்கத்தையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று பற்றரியினுள் இருந்தாலும், நேர் முனைக்கு மிக அருகில் தனியான உருகியும் பொருத்தப்பட்டுள்ளது. வயர் எங்கேனும் உராய்ந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீயைத் தடுப்பது அதுவே. மூன்று மீற்றர் நீளமான 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 அம்பியர் பாயும்போது, போகும் வயர், திரும்பும் வயர் இரண்டிலுமாக முக்கால் வோல்ற்றளவு இழக்கப்படும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அது கால் வோல்ற்றுக்கும் குறைவு. வாகனங்களின் சிகரெட் லைட்டர் வகைச் செருகியை முற்றாகத் தவிர்த்தோம். அது தளர்ந்து ஒரு கணம் மின் அறுந்தாலும் தாங்கியின் நேர்ப்படுத்தல் தொலைந்துவிடும். முனைகளை மாற்றிச் செருக இயலாத அண்டர்சன் இணைப்பிகளே பயன்படுத்தப்பட்டுள்ளன.

இவ்வகைப் பற்றரியின் வோல்ற்றளவு பெரும்பகுதி நேரம் ஏறத்தாழ மாறாதிருந்து இறுதியிலேயே சடுதியாக விழுவதால், வோல்ற்றுமானியைப் பார்த்து மீதியை மதிப்பிட முடியாது. பாய்ந்த அம்பியர் மணிகளை எண்ணும் மானி ஒன்றைப் பொருத்தி, கண்ணின் இருட்பழக்கம் கெடாதிருக்க அதன் திரையைச் சிவப்புத் தாளால் மூடியுள்ளோம். முழு மின்னேற்றத்தின் பின் அம்மானியை மீளமைக்க மறக்க வேண்டாம்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் சில நாட்களில் உறைபனி படிவதை அறிவீர்கள். பூச்சியம் பாகை செல்சியசுக்குக் கீழே இப்பற்றரியை மின்னேற்றினால் மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் நிரந்தரமாகப் பழுதடையும். ஆகவே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அறை வெப்பநிலைக்கு வந்த பின்னரே மின்னேற்றவேண்டும் என்பதை விதியாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தென்மேற்குப் பருவமழையால் ஹட்டன், தலவாக்கலை வானம் மூடியிருக்கும் மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் வறண்டிருப்பதால், ஊவாப் பகுதி உறுப்பினர்கள் தமக்கும் ஒரு பெட்டி கோரியுள்ளனர். இதே வரைபடத்தின்படி இரண்டாவது பெட்டியைக் கட்டுவதற்குச் சபையின் அங்கீகாரத்தை வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
கௌரவ செயலாளர்