கத்திக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், கத்தி, அரிவாள், வெளியூருக்கு எடுத்துப்போகும் முகாம் சாமான்கள் ஆகியவை மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். நுனி முதல் பிடி வரை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, சீக்கிரம் காய அடுப்பு அனலில் காட்டினால் போதுமாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தூத்துக்குடியில் கப்பல்களைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே பிழைத்தவன் நான். ஒரே வாக்கியத்தில் இத்தனை தவறுகளை நான் பார்த்ததில்லை.

முதலில் அந்த அடுப்பு. ஸ்ப்ரே டப்பாவில் பெயிண்டை வெளியே தள்ளுவதே பெரும்பாலும் சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த வாயுதான். பெயிண்டை இளக்கச் சேர்க்கும் தின்னரும் தீப்பிடிக்கும். ஈரம் காயாத பெயிண்டோடு அடுப்பருகே போ என்று குடும்பத்தார் படிக்கும் பத்திரிகை சொல்லலாமா? எங்கள் வேலையில் தின்னர் திறந்திருக்கும் இடத்தில் பீடி பற்றவைத்தவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தீ பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கத்தியின் பதம் என்ன ஆகும்? எங்கள் பக்கத்தில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து அரிவாள் செய்கிறார்கள். ஆசாரி அதைக் காய்ச்சி, சட்டென்று முக்கிக் குளிரவைத்துத் தோய்ச்சல் போட்டு, மறுபடி இளஞ்சூடு காட்டித்தான் பதம் கொண்டுவருகிறார். கத்தியில் மெல்லியது விளிம்புதான், அதனால் அடுப்பில் முதலில் சூடேறுவதும் அதுதான். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைக்கோல் நிறம் தட்டும், 300 டிகிரிவாக்கில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த விளிம்பு பழைய கடினத்தோடு இருக்காது, தேங்காய் வெட்டினாலே மழுங்கிவிடும். சூட்டில் இறுக வேண்டிய பூச்சுகளும் இருக்கின்றன. கத்திகளுக்கு அடிக்கும் சில செராமிக் பூச்சுகளை 120 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். அதற்குச் சூட்டை அளந்து தரும் தனி ஓவன் வேண்டும், சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனில் அதைச் செய்யக் கூடாது. இதை எழுத உங்களுக்கு இரண்டு வரி இடம் இல்லையா?

துருவைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை கூட இல்லை. பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை. கடலோரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவாமல் அடித்தால், உப்பு ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலேயே கொப்புளம் கிளப்பும். கழுவி, காயவைத்து, துருவைச் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சைப் போட்டுவிட வேண்டும். ராத்திரி விட்டால் எங்கள் ஊர்க் காற்றில் விடிவதற்குள் மறுபடி சிவந்துவிடும். ஹார்டுவேர் கடையில் பிரைமர் என்றதும் ரெட் ஆக்சைடை எடுத்து நீட்டுவார்கள். வெறும் ரெட் ஆக்சைடுக்குத் துருவை அடக்கும் சக்தி தனியாகக் கிடையாது, அது மூடி மட்டும்தான் வைக்கும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் டப்பாவைச் சுமார் ஒரு அடி தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று கோட். மண்வெட்டி, கடப்பாரை, கூடாரக் கம்பி, இரும்பு முளை எல்லாவற்றுக்கும் இது நன்றாக உழைக்கும்.

ஆனால் வெட்டும் விளிம்புக்கு மட்டும் கூடாது. கூரான ஓரத்தில் பெயிண்ட் தங்காது, இழுத்துக்கொண்டு மெலிந்துவிடும். அதனால்தான் கப்பலில் ஓரங்களுக்கும் வெல்டிங் தையல்களுக்கும் முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுப்போம். கத்தியில் அப்படிக் கொடுத்தாலும் முதல் தீட்டலிலேயே உரிந்துவிடும். உரிந்தது எங்கே போகும்? மீனிலும் காயிலும்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. பரணில் கிடக்கும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அடுக்களைக் கத்திக்கும் அரிவாள்மனைக்கும் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைப்பதே போதும்.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒருமுறை பைக் ஹெல்மெட்டுக்குப் புது நிறம் அடிக்கச் சொன்னீர்கள். தின்னர் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக்கை அரித்துப் பலவீனமாக்கும் என்றும், வெளியில் பார்த்தால் தெரியாது என்றும் உடனே எழுதினேன். பிரசுரிக்கவில்லை. பிறகு, இறுகுவதற்காக ஹார்டனர் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டை முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடிக்கலாம் என்று வந்தது. அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், கைக்குட்டை எதையும் தடுக்காது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த வாடை பட்டாலே மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவார். அவரைப் பற்றியும் எழுதினேன், பதில் இல்லை. மருத்துவப் பகுதிக்கு டாக்டரைக் கேட்கிறீர்கள், சட்டப் பகுதிக்கு வக்கீலைக் கேட்கிறீர்கள். பெயிண்ட் விஷயத்துக்கு மட்டும் ஒரு பெயிண்டரைக் கேட்கத் தோன்றவில்லையே, ஏன் ஐயா? எங்கள் கையில் இருப்பது அறிவு இல்லையா?

நீண்ட நாள் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: கத்தியின் விளிம்பில் பெயிண்ட் அடிக்காதீர்கள், பெயிண்ட் அடித்த எதையும் அடுப்பில் காட்டாதீர்கள். என் பெயரைப் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பெயிண்டர்,
தூத்துக்குடி