நெல்லுக்குக் கேட்கும் கணக்கைக் கையுறைக்கும் கேளுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறையின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோராண்டு பொருளியல் நடத்தி ஓய்வுபெற்றவன். தனியார் மருத்துவமனைக் கட்டணங்களைப் பற்றிய முறையீடுகள் தங்களுக்குப் புதியவை அல்ல என்பதை அறிவேன். ஆகையால் பழைய கதையை விரிக்காமல், கடந்த மாசி மாதம் என் தம்பி கையில் இருந்த இரண்டு கணக்குகளைப் பற்றிச் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் வைக்கிறேன்.

தம்பியின் மனைவிக்கு நள்ளிரவில் தாங்கமாட்டாத வயிற்றுவலி, பித்தப்பையில் கல். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போயிருக்கலாம்தான், ஆனால் துடிக்கிறவளை வைத்துக்கொண்டு, வழியில் முதலில் விளக்கெரிந்த இடத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. அந்த மருத்துவமனை அத்திட்டத்தில் இல்லை. நான்காம் நாள் மாலை வந்த பில் 1,18,640 ரூபாய். அதில் 'அறுவை அரங்கப் பொருள்கள்' என்று ஒரே வரியில் 23,450 ரூபாய். என்னென்ன பொருள்கள் என்று கேட்டதற்கு, கையுறை, ஊசி, தையல்நூல் என்று நான்கைந்தைச் சொல்லிவிட்டு, "எல்லாம் பேக்கேஜ்தான் ஐயா, பிரிச்சுக் காட்ட முடியாது" என்றான் பணம் வாங்கும் பையன். அவனைக் குறை சொல்வதற்கில்லை; அவனுக்கும் தெரிந்திராது.

அன்று களத்தில் பிசான நெல் குவிந்து கிடந்தது. அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டால் வங்கிக் கணக்கில் பணம் ஏறச் சில நாளாகும். மீதியைக் கட்டினால்தான் நோயாளியை அனுப்புவோம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. ஆகவே குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைத்து, வியாபாரி கேட்ட விலைக்கு, டார்ச் வெளிச்சத்தில் எடைபோட்டுக் கொடுத்தான். அந்த நட்டம்கூட என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. மறுநாள் திண்ணையில் மருத்துவமனைப் பில்லையும் தன் வரவுசெலவு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததுதான் உறுத்துகிறது. நோட்டில் உழவு, நாற்றங்கால், நடவுக்கூலி, களையெடுப்பு, உரம், அறுப்பு வண்டியின் மணி வாடகை என்று களத்தில் வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும் எழுதியிருந்தது. "அண்ணே, என் நெல்லு என்ன செலவுல வெளஞ்சுதுன்னு வாங்குறவன் அத்தனை பேருக்கும் தெரியும். அவுக செலவு என்னன்னு எனக்குத் தெரியக் கூடாதா?" என்று கேட்டான். முப்பத்தோராண்டு பொருளியல் நடத்தியவனிடம் பதில் இல்லை.

அவன் கேட்டதில் தவறில்லை. 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லின் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று மத்திய அரசு கணக்கிட்டு, அதற்கு ஒன்றரை மடங்காக 2,369 ரூபாயைக் குறைந்தபட்ச ஆதரவு விலையாக அறிவித்தது. விதை, உரம், கூலியோடு குடும்பத்தார் உழைப்பும் அந்தச் செலவில் அடங்கும். சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பைச் சேர்க்க மாட்டோம் என்பதில் மட்டும் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். அது தங்கள் துறை அல்ல என்பதால் விடுகிறேன்.

மருத்துவமனைக் கணக்கு நெற்கணக்கைப்போல எளிதல்ல என்று நிர்வாகிகள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். கட்டடம், அறுவை அரங்கம், ஸ்கேன் இயந்திரம், இரவுப் பணிச் செவிலியர் சம்பளம் எல்லாம் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் மாறாச் செலவு; மருந்தும் கையுறையும் ஆளுக்கு ஆள் கூடும் மாறும் செலவு. நாளைக்கு மூன்று பேருக்குப் பயன்படும் இயந்திரத்தில் ஒருவர் தலையில் விழும் சராசரிச் செலவும், முப்பது பேருக்குப் பயன்படுவதில் விழுவதும் ஒன்றல்ல. நள்ளிரவில் விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கும் மருத்துவமனை அந்தச் செலவை எங்கேனும் வசூலித்துத்தான் ஆக வேண்டும்; அந்த விளக்கு எரிந்ததால்தான் எங்கள் வீட்டுப் பெண் பிழைத்தாள். ஆனால் அதை அறைக்கு இவ்வளவு, அரங்கத்துக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கினால் யார் தடுக்கப் போகிறார்கள்? கையுறைக்குள் கட்டடத்தை ஒளித்துவைப்பானேன்?

இது என் கற்பனையன்று. தில்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் சிலவற்றில் இலாபம் 1,737 விழுக்காடு வரை போனதை 2018-இல் வெளியிட்டது. என் தம்பிக்கு அரசு கணக்கிடுவது ஐம்பது விழுக்காடு.

மருந்தின் நிலையும் வேறல்ல. 1995-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கட்டுப்பாட்டில் இருந்த மருந்துகளுக்கு உற்பத்திச் செலவைக் கேட்டுத்தான் விலை வைத்தார்கள். 2013-இல் அந்த முறை போயிற்று. இப்போது சந்தையில் ஒரு விழுக்காடாவது பங்குள்ள நிறுவனங்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்குப் பதினாறு விழுக்காடு சேர்த்தால் அதுவே உச்சவரம்பு. விற்கிறவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்களோ அதன் சராசரியே நியாய விலை என்றாகிவிட்டது. இந்த அருமையான விதியை நெல்லுக்கும் ஒரு பருவம் வைத்துப் பார்க்கலாம். நாங்களும் கூடிப் பேசிச் சராசரியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவோம் என்று தெரியும். மன்னிக்கவும், தடம் மாறிவிட்டேன்.

நான் கேட்பது விலைக்கட்டுப்பாடுகூட இல்லை. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997-இல் நம் மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி பதிவுபெற்றுத்தான் இந்த மருத்துவமனைகள் இயங்குகின்றன. பில்லில் ஏற்றும் ஒவ்வொரு மருந்துக்கும் பொருளுக்கும் எதிரே, மருத்துவமனை அதை வாங்கிய விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். 1994-இல் அரசு நிறுவிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக மருந்து வாங்கி வருகிறது. ஒரு ஊசிமருந்து என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. பணம் கட்டுகிறவனுக்குத்தான் தெரியவில்லை.

காப்பீட்டுத் திட்டம் தரும் தொகை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லும் நிர்வாகிகளும் உண்டு. உண்மையாகவே இருக்கலாம். கட்டுப்படியாகும் தொகை எது என்று அவர்கள் கணக்கைக் காட்டட்டும். குறைவென்று தெரிந்தால் கூட்டித் தரச் சொல்லி அவர்களோடு சேர்ந்து நானும் மனு எழுதுவேன். அதற்கும் முதலில் வாங்கிய விலை பில்லில் வரவேண்டும்.

தம்பியின் மனைவி பீடி சுற்றுகிறவள். ஆறு வாரம் வேலையில்லை. துணைக்கிருந்த அவள் அம்மாவுக்கும் கூலி போயிற்று. இப்படிக் கைவிட்டுப் போகும் வருமானத்தை வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் நடத்துவோம். அதை யாருடைய பில்லிலும் ஏற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்த 23,450 ரூபாய் வரியைப் பிரித்துத் தரச் சொல்லி மருத்துவமனைக்குத் தம்பி கொடுத்த கடிதத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

வாங்கிய விலையை பில்லில் அச்சிடும் விதியைத் தாங்கள் பரிசீலித்து ஆணையிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தேவையெனில் பில்லின் நகலையும் தம்பி நோட்டின் நகலையும் அனுப்பிவைக்கிறேன். நோட்டில் டீக்கறை படிந்திருக்கும். எண்கள் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.