யார் நிரூபிக்க வேண்டும் என்று பார்

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய கட்டுரை வரைவைப் படித்தேன். சோஷலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவரலாம் என்ற பிரிட்டனின் ஃபேபியன் சங்கத்துக்காரர்களை ஒரே பத்தியில் முடித்துவிட்டாய்: புரட்சிக்குப் பயந்த நடுத்தர வர்க்கம், முதலாளித்துவத்துக்கு ஒட்டுப் போட்டவர்கள், அவ்வளவுதான் என்று. நீ படிக்கிற லண்டன் பொருளாதாரப் பள்ளியே அவர்கள் 1895ல் தொடங்கியது; டெர்பி வக்கீல் ஒருவர் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போன பணத்தில். பிரசாரத்துக்கு வந்த காசில் பள்ளிக்கூடம் நடத்துவதா என்று பெர்னார்ட் ஷாவே சண்டை பிடித்தார். அதற்காக நீ அவர்களைப் புகழ வேண்டாம். திட்டுவதென்றாலும் திட்ட வேண்டிய இடத்தில் திட்டு.

"படிப்படியாக" என்பதை வேகம் குறைந்த புரட்சி என்று நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். வேகத்தை விடு. ஒரு திட்டத்தில் உதவி கேட்டு வருபவர் எதை நிரூபிக்க வேண்டும், எந்தக் கவுன்டரில், யார் முன்னால் நின்று? இந்த ஒரு கேள்வியோடு 1834 ஏழைகள் சட்டத்தையும் 1948 தேசிய சுகாதாரச் சேவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி.

1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின் விதி இது: வெளியே கூலி வேலை பார்க்கும் கடைசி ஏழையின் நிலையைவிட உதவி பெறுபவனின் நிலை கீழாக இருக்க வேண்டும். அவன் உண்மையிலேயே இல்லாதவனா என்று விசாரிக்கத் தேவையில்லை. வொர்க்ஹவுஸ் என்கிற ஏழைவிடுதிக்குள் வரச் சம்மதித்தால் அதுவே அத்தாட்சி. கிழவர், நோயாளி, அநாதைக் குழந்தை, மனநலம் குன்றியவர், வேலையில்லாதவன் எல்லோருக்கும் அதே வாசல். உதவி வாங்கினால் ஓட்டுரிமையும் போகும்.

இதை ஆராய 1905ல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு ஒன்றைப் போட்டார்கள். 1909ல் அது இரண்டு அறிக்கைகளாக உடைந்தது. சிறுபான்மை அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் நான்கே பேர். அதில் பியாட்ரிஸ் வெப், ஜார்ஜ் லான்ஸ்பரி இருவரையும் உனக்குத் தெரிந்திருக்கும். எழுத்து பெரும்பாலும் ஃபேபியன் சங்கத்தின் தூண்களான வெப் தம்பதியுடையது, அதாவது பியாட்ரிஸும் கணவர் சிட்னியும். "ஏழை" என்ற பிரிவையே நிர்வாகத்திலிருந்து எடுத்துவிடு என்பதுதான் அதன் சாரம். குழந்தையா, கல்விக் குழுவுக்கு அனுப்பு. நோயா, சுகாதாரக் குழுவுக்கு. முதுமையா, ஓய்வூதியக் குழுவுக்கு. உடல் திடமாக இருந்தும் வேலை இல்லையா, அது உள்ளூர் விவகாரமே இல்லை, தேசிய அளவில் தொழிலாளர் அமைச்சகம் பார்க்கட்டும். மந்த காலத்துக்கென்று ஒரு கணக்கும் போட்டார்கள்: அரசு எப்படியும் செய்யப்போகிற வேலைகளில் ஆண்டுக்கு 40 லட்சம் பவுண்ட் வீதம் பத்தாண்டுக்கு ஒதுக்கிவைத்து, வேலை குறைந்த ஆண்டுகளில் அதை இறக்குவது. மந்த காலத்தில் அரசு செலவழிக்க வேண்டும் என்ற பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் பெயர் வெளியே தெரிவதற்கு முன்பு எழுதிய பக்கங்கள் இவை. நீ அடிக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை.

அதே அறிக்கையில் உனக்கு வேண்டிய குற்றப்பத்திரிகையும் இருக்கிறது. பயிற்சிக்கு வர மறுப்பவனைக் காவல் முகாமில் அடைக்கலாம் என்று அதே நான்கு பேர் எழுதினார்கள். நிபுணருக்கு எல்லாம் தெரியும், சாமானியன் ஒத்துழைத்தால் போதும் என்கிற மனப்பான்மை அவர்கள் எழுத்து முழுக்க உண்டு. ஸ்டாலின் ரஷ்யாவைப் பார்த்து அவர்கள் மயங்கியதற்கு வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. திட்டுவதற்குச் சரியான இடம் இது.

1911ல் அவர்கள் தோற்றதையும் எழுது. நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டில் வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2. நோயில் படுத்துவிட்டால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், 26 வாரம் வரை. பியாட்ரிஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். பணம் கொடுத்தால் நோய் தடுக்கப்படுமா என்பது அவர் கேள்வி. மக்கள் வேறு கணக்குப் போட்டார்கள்: சந்தா கட்டியவன் தன் வறுமையை யார் முன்னாலும் நிரூபிக்க வேண்டாம், அட்டையைக் காட்டினால் போதும். அந்த மரியாதையின் விலையை வெப் தம்பதி கடைசிவரை சரியாக எடை போடவில்லை. ஆனால் சந்தா கட்டாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் டாக்டர் கிடையாது. அந்த ஓட்டை 1948 ஜூலை 5ல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கும்வரை அடைபடவில்லை.

சிறிய படி எல்லாமே ஒரே மாதிரி இல்லை. 1906ல் வந்த பள்ளி உணவுச் சட்டத்தைப் பார். உள்ளாட்சி விரும்பினால் போடலாம், போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. உள்ளூர் வரியில் பவுண்டுக்கு அரை பென்னிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. படிக்கும்போது இதென்ன பிச்சை என்று தோன்றும். ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு வாங்கியதால் தகப்பன் ஓட்டுரிமை போகாது என்று ஒரு பிரிவை உள்ளே வைத்தார்கள். அந்த ஒரு பிரிவால் சாப்பாடு ஏழை நிவாரணத்திலிருந்து விலகிக் கல்வித் துறைப் பக்கம் வந்துவிட்டது. 1914ல் அரை பென்னி வரம்பை எடுப்பது சுலபமாயிற்று. 1909 ஜனவரியில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியமும் அப்படித்தான். 70 வயது, வாரம் 5 ஷில்லிங், அதற்கும் வருமான வரம்பு உண்டு, கஞ்சத்தனம்தான். ஆனால் கொடுத்த இடம் போஸ்ட் ஆபீஸ். முத்திரை வாங்க வருபவர் நிற்கும் வரிசையிலேயே கிழவியும் நின்றாள்.

உருப்படாத படிக்கு உதாரணம் வேண்டுமானால் 1929. ஏழைகள் சட்டத்தை நடத்திய கார்டியன் போர்டுகளைக் கன்சர்வேடிவ் அமைச்சர் நெவில் சேம்பர்லேன் ஒழித்தார். ஃபேபியன்கள் இருபது வருடம் கேட்டதுதான். ஆனால் வேலையைத் துறை துறையாகப் பிரிப்பதைக் கட்டாயமாக்கவில்லை. பெரும்பாலான கவுன்சில்கள் பழைய மூட்டையை அப்படியே தூக்கிப் பொது உதவிக் குழு என்ற புதுப் பெயரில் வைத்துக்கொண்டன. 1931ல் வேலையில்லாதோர்மேல் குடும்ப வருமானச் சோதனை இறங்கியபோது அதை நடத்தியது அதே குழுக்கள். மகன் சம்பாதித்தால் அப்பனுக்குப் பணம் குறையும். அதனால் வீட்டை விட்டுத் தனியாகப் போன பிள்ளைகள் உண்டு. அந்தச் சோதனையை எடுக்க 1941 ஆயிற்று.

லண்டனின் லாம்பெத் பகுதியில் நடந்த ஆய்வை நீ விட்டுவிட்டது எனக்கு வருத்தம். ஃபேபியன் பெண்கள் குழு 1909 முதல் 1913 வரை, வாரம் ஒரு பவுண்ட் அளவில் குடும்பம் நடத்திய தாய்மாரிடம் வாராவாரம் போய்ச் செலவுக் கணக்கு எழுதி வாங்கியது. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதினார்கள். ஏழைக் குழந்தை சாவது தாயின் அறியாமையால், அவளுக்குக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடு என்பது அன்றைய பேச்சு. கணக்கைப் பார்த்தால் வாடகை முதலில் போகிறது. அடுத்து ஈமச் செலவுக் காப்பீடு, ஏனென்றால் பிள்ளை செத்தால் ஏழைக் குழியில் போடக் கூடாது. கரியை மொத்தமாக வாங்கிப் போட இடமும் இல்லை, கையில் காசும் இல்லை. சில்லறையாக வாங்குவதால் பணக்காரனைவிடக் கூடுதல் விலை. மிச்சத்தில் புருஷனுக்கு நல்ல பங்கு, அவன் படுத்தால் எல்லாம் போச்சு. தாய்க்கும் பிள்ளைக்கும் ரொட்டி. இதில் எந்த இடத்தில் அறியாமை இருக்கிறது? நிரூபிக்கும் சுமையை ஏழையின் தலையிலிருந்து இறக்கி அரசின் தலையில் வைத்த ஆவணம் இது. அந்தக் குழுவைச் சேர்ந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் அதை 1913ல் புத்தகமாக்கினார்.

போருக்குப் பிந்திய பகுதியில், 1942ல் சமூகக் காப்பீட்டு அறிக்கை எழுதிய பெவரிட்ஜை ஃபேபியன் என்று எழுதியிருக்கிறாய், அடித்துவிடு. அவர் லிபரல். வெப் தம்பதியிடம் கற்றதை அவரே ஒப்புக்கொண்டவர் என்று வேண்டுமானால் எழுது. சமூகநலத் திட்டங்களை ஆராய்ந்த ஃபேபியன்கள் டிட்மஸ், ஏபல்-ஸ்மித், டவுன்ஸெண்ட் மூவருக்கும் தனிப் பகுதி ஒதுக்கு. ஏழைக்கு மட்டும் என்று நடத்தும் சேவை தரத்திலும் ஏழையாகிவிடும் என்பது டிட்மஸ் தரப்பு வாதம். இதற்கு, குறைந்த சம்பளத்தில் பிள்ளை வளர்ப்போருக்கென்று 1971ல் வந்த குடும்ப வருமானத் துணைத்தொகையைக் கணக்காகவே போட்டுக் காட்டு. சம்பளம் ஒரு பவுண்ட் ஏறினால் துணைத்தொகை அதில் பாதி, 50 பென்ஸ் குறையும். 70களின் நடுவில் அடிப்படை வருமான வரி 30 சதவீதத்தைத் தாண்டியே இருந்தது. காப்பீட்டுச் சந்தாவையும் சேர்த்தால் கையில் நிற்பது 15 பென்ஸுக்கும் கீழே. வாடகைச் சலுகையும் குறைந்தால் அதுவும் இல்லை. ஒருமுறை ஒதுக்கிய தொகையைப் பல மாதங்களுக்கு மாற்றாமல் வைத்ததால் அடி உடனே விழவில்லை, அதையும் சொல்லிவிடு. இல்லையென்றால் விவரம் தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர் ஏராளம். இதற்கு எதிர்ப்பக்கம் 1977ல் தொடங்கிய குழந்தை உதவித்தொகை: குழந்தைக்கான வரிக்கழிவைப் படிப்படியாக எடுத்து, அப்பாவின் சம்பளச் சீட்டில் இருந்த பணத்தை அம்மாவின் கைக்கு மாற்றினார்கள். குழந்தை இருக்கிறது என்பதைத் தவிர அவள் காட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. 2013ல் ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்போர் வீட்டிலிருந்து அதை வரியாகத் திரும்பப் பிடிக்க ஆரம்பித்தார்கள். படிகளில் இறங்கவும் முடியும்.

நம் பக்கத்துத் தொடர்பு என்று நீ அன்னி பெசன்ட்டை மட்டும் சொல்லியிருக்கிறாய். அடையாறுக்கு வருமுன் அவர் ஃபேபியன் கட்டுரையாளர் என்பது சரிதான், ஆனால் இலங்கை இன்னும் கனமான விஷயம். இலங்கை அரசியலமைப்பை ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் குழு 1928ல் ஆண்களுக்கு 21, பெண்களுக்கு 30 வயதிலிருந்து வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது; பெண்களுக்கும் பிறகு 21 ஆயிற்று. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நேரத்தில் லண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்தவர் பாஸ்ஃபீல்ட் பிரபு, அதாவது நம் சிட்னி வெப். தோட்டத் தொழிலாளருக்கு ஐந்தாண்டு வசிப்பு போதும் என்றது குழு. கொழும்பின் அழுத்தத்தில் அது நிரந்தரக் குடி என்று காட்ட வேண்டிய நிபந்தனையாக இறுகியது, வெப் ஒப்புக்கொண்டார். 1931ல் இலங்கையில் 21 வயது தாண்டிய மற்றவர்கள் ஓட்டுப் போட்டார்கள். மலையகத் தமிழர் காகிதம் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வரைவில் 1909ஐ முதலில் வை, சங்கத்தின் பிறப்பு வரலாறு அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். குறிப்பெடுக்கும்போது வெப் தம்பதியின் வழக்கத்தைப் பின்பற்று: ஒரு தாளில் ஒரே ஒரு தகவல், கூடவே தேதியும் எங்கிருந்து எடுத்தாய் என்பதும். நோட்டுப் புத்தகத்தில் தொடர்ச்சியாக எழுதினால் பிறகு இடம் மாற்றி அடுக்க முடியாது. 1911 பகுதியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு, அதில்தான் நீ தடுமாறுவாய்.

அன்புடன்,
அம்மா