உயிர்த்த ஞாயிறன்று வகுப்புகள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிர்த்த ஞாயிறை முன்னிட்டு மட்டக்களப்புத் தேவாலயங்களுக்கு வழங்கப்படும் பாதுகாப்புப் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில், ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் இயேசு சாவை வென்று எழுந்தார் என்று மகிழும் நாள், காவலும் துக்கமுமாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. அந்த மகிழ்ச்சியைக் குடும்பமாகக் கூடியிருந்துதான் கொண்டாட முடியும். பெரிய வெள்ளிக்காவது அரச விடுமுறை உண்டு. உயிர்த்த ஞாயிறோ பிள்ளைகளுக்கு இன்னொரு வகுப்பு நாளாகவே போகிறது.

கடந்த ஆண்டு சனி இரவுத் திருவிழிப்பில் பாஸ்காத் திரியிலிருந்து மெழுகுதிரிகளைக் கொளுத்தி, பாடி, செபித்து, நள்ளிரவு தாண்டித்தான் வீடு வந்தோம். விடிந்ததும் சாதாரண தரம் படிக்கும் மகள் தனியார் வகுப்புக்குப் புறப்பட்டுவிட்டாள். பேத்தி வராமல் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று அவளுடைய அம்மம்மா பகல் இரண்டு மணிவரை காத்திருந்தார். எனவே, மாவட்டத்திலுள்ள தனியார் கல்வி நிலையங்கள் அந்த ஒரு ஞாயிறு வகுப்புகளை நிறுத்தி, வேறொரு நாளில் நடத்தலாம். மாவட்டச் செயலகம் இதை, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தின் தொடக்கத்திலேயே அறிவித்தால் ஆசிரியர்களுக்கும் சிரமம் இராது.

வாசகர்,
மட்டக்களப்பு