ஒரு மாலைக்கு மட்டும்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் என் கண் அறுவை சிகிச்சை என்று தாடி உன்னிடம் சொல்லியிருப்பான்; அதை நம்பாதே. கண் நன்றாகத்தான் இருக்கிறது. நீ கேட்டிருந்த கேள்விதான் கையைக் கட்டிப்போட்டது. இங்கே எல்லோரும் நலம், உன் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் பாடகன் இறந்துபோய் ஓராண்டு ஆகப்போகிறது, பழைய குழு ஒருமுறை ஒன்றுசேர வேண்டும், அவன் இடத்தில் நின்று அவன் தம்பி மகன் பாடுவான், பேஸ் கிட்டாருக்கு நான் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் நானும் இங்கிலாந்தின் குயின் ராக் குழுவை விட்டுப்போன பேஸ்காரர் ஜான் டீக்கனைப் போல நன்றிகெட்டவன் என்று எழுதியிருந்தாய். என்னைத் திட்டியதில் வருத்தமில்லை, உன்னிடம் திட்டு வாங்கியே தலை நரைத்தவன் நான். டீக்கனைத் திட்டியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. மேடையில் முன்னால் நின்று தபேலா வாசித்த உனக்கு, பின்வரிசையில் நிற்பவனின் கணக்கு எப்போது புரிந்திருக்கிறது?

டீக்கன் 1951இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பள்ளி நாட்களில் நண்பர்களோடு அமைத்த குழுவில் ரிதம் கிட்டார் வாசித்து, ஆள் தேவைப்பட்டபோது பேஸுக்கு மாறினார், என்னைப் போலவே. லண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1971இன் தொடக்கத்தில், குயின் குழுவின் கடைசி ஆளாகச் சேர்ந்தார். அதே ஆண்டில் முதல் வகுப்பில் பட்டமும் பெற்றார். 1973இல் வந்த முதல் இசைத்தட்டின் உறையில் அவர் பெயரை ‘டீக்கன் ஜான்’ என்று திருப்பிப் போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் நோட்டீஸில் என்னை ‘கிட்டார் உதவி’ ஆக்கினார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல்.

நீ பாதி படித்துவிட்டு மூடிவைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு குப்பைத்தொட்டிக் கதை சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் தெருவோரக் குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை டீக்கன் எடுத்து வந்தார். அதை ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி ஒன்பது வோல்ட் பேட்டரியை இணைத்தார். திருகுவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது, பேட்டரியை மாட்டினால் பேசும், அவ்வளவுதான். குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே தம் கிட்டாரை அதில் செருகியதும், வேறெந்த ஆம்ப்ளிஃபயரிலும் வராத, கிளாரினெட்டும் டிராம்போனும் கலந்தாற்போன்ற ஒரு குரல் எழுந்தது. 1975இன் ‘குட் கம்பெனி’ பாட்டில் ஒரு ஜாஸ் வாத்தியக் குழுவே வாசிப்பதாகத் தோன்றும். அத்தனையும் அந்தப் பெட்டி வழியே வந்த கிட்டார்தான். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு யாராவது பேஸ்காரரைப் பாராட்டியிருப்பார்கள் என்றா நினைக்கிறாய்?

பாடமாட்டார், மேடையில் பேசமாட்டார், ஆனால் பாட்டு எழுதுவார். மனைவிக்காக எழுதிய ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்’ பாட்டுக்கு எலெக்ட்ரிக் பியானோ வேண்டும் என்றார்; குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரிக்கு அந்தக் கருவியே ஆகாது. சண்டை போடாமல் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகி, தாமே வாசித்துவிட்டார். உன்னைப் போல மூன்று மாதம் பேசாமல் இருக்கவில்லை.

இப்போது ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’. போன மாதம் என் பேரன் என் பேஸைத் தூசி தட்டி எடுத்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அதன் தொடக்கத்தை வாசித்தான். சுரமெல்லாம் சரி, பாட்டு மட்டும் வரவில்லை. அந்தத் தடித்த கம்பியை இடது கை விரலால் அழுத்தாமல் அப்படியே மூன்று முறை தட்ட வேண்டும், ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு உள்ளங்கையால் அதை அமுக்கிச் சாகடிக்க வேண்டும். பேரன் தட்டினான், அமுக்கவில்லை. மூன்றும் ஒன்றோடொன்று குழைந்து ரீங்காரமாகப் போயிற்று. அவன் கையின் மேல் என் கையை வைத்து அமுக்கிக் காட்டியபோதுதான், அந்தப் பாட்டில் டீக்கன் இயற்றியது சுரங்களை மட்டுமல்ல, அவற்றுக்கு நடுவே உள்ள மௌனத்தையும் என்று எனக்கே விளங்கிற்று. ஷிக் என்ற அமெரிக்க டிஸ்கோ குழுவின் ‘குட் டைம்ஸ்’ தந்த உந்துதலில் பிறந்த அந்த மெட்டு, டிரம்ஸின் அதிர்வையெல்லாம் அடக்கிப் பதிவான அந்தப் பாட்டு, 1980 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ராக் ரசிகர்கள் இது டிஸ்கோ என்று முகம் சுளித்தார்கள். தாடி இன்னும் சுளித்துக்கொண்டிருக்கிறான்.

இனி நீ சொன்ன நன்றிகெட்டதனத்துக்கு வருகிறேன். 1991 நவம்பர் 24 அன்று ஃபிரெடி இறந்தார். அடுத்த ஏப்ரல் 20 அன்று வெம்பிளி அரங்கில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் டீக்கன் நின்று வாசித்தார். மிச்சமிருந்த ஃபிரெடியின் குரல் பதிவுகளை வைத்து 1995இல் ஓர் இசைத்தட்டை முடிப்பதற்கும் உடனிருந்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் ஒரு நாட்டிய நிகழ்ச்சியின் முடிவில், எல்டன் ஜான் பாட, இன்னும் ஒருமுறை வாசித்தார். மேடை அதோடு சரி. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. குழுவில் எஞ்சிய மற்ற இருவரும் வேறு பாடகர்களை வைத்துக்கொண்டு குயின் பெயரில் ஊர் ஊராகப் போனார்கள். அதை நான் குறைசொல்லவில்லை, அவர்களுக்கு அதுதான் துக்கத்தைக் கடக்கும் வழியாக இருந்திருக்கலாம். இவர் லண்டனிலேயே, மனைவி மக்களோடு, பேட்டிகூடக் கொடுக்காமல் இருந்துவிட்டார். 2001இல் பெரிய விருது கொடுத்து அழைத்தபோதும் போகவில்லை. செய்ய வேண்டிய அஞ்சலிகளையெல்லாம் செய்துவிட்டு அதன்பின் கையை எடுத்துக்கொண்டவரை நன்றிகெட்டவர் என்று நீ எப்படி எழுதினாய் சேது?

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் பாடகன் போன பிறகு இரண்டு கச்சேரிகளுக்கு வேறு குழுவோடு போனேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவன் மூச்சிழுக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் கம்பியைத் தட்டுவேன்; அது முப்பது ஆண்டுப் பழக்கம். புதுப் பையன் நன்றாகவே பாடினான். நான்தான் இரண்டு இடத்திலும் தாமதமாக இறங்கினேன். பேஸ் தப்பினால் யாருக்கும் தெரியாது என்று நீ கேலி செய்வாய். எனக்குத் தெரிந்தது.

ஆகவே இதுதான் பதில்: வருகிறேன், அந்த ஒரு மாலைக்கு மட்டும். தம்பி மகன் பாடட்டும், எனக்குச் சம்மதம். அதன்பின் ‘மாதம் ஒரு கச்சேரி’ என்று நீ தொடங்கினால் என் தொலைபேசி அணைந்தே இருக்கும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போடு, ஒலிவாங்கி வேண்டாம். என் பழைய ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இல்லை, குள்ளனிடமாவது வேறு யாரிடமாவது ஒன்றை வாங்கி வை. ஒத்திகைக்கு முந்தைய நாளே வந்துவிடுவேன். புதுக் கம்பி மாட்டினால் படிய ஒரு நாளாவது ஆகும்.

உன்,
ராகவன்